முகம் தெரியாத மெக்கானிக் - ராபர்ட் ஹூக்

மெக்கானிக்கலோ ஆட்டோமொபைலோ படிக்கிற நம்மில் ஹூக் என்ற பெயரைக் கேட்காதவர் யாரும் இருக்க முடியாது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தைத் திறந்ததுமே ஹூக் விதி வந்துவிடும். மீள் எல்லைக்குள் தகைவும் திரிபும் நேர் விகிதத்தில் இருக்கும் என்று ஒரே வரியில் எழுதி, மார்க்கை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். லேபில் ஸ்பிரிங்கை மாட்டி, எடையை ஏற்றி, கிராஃப் போடுகிறோம். கோடு நேராக வந்தால் சந்தோஷம். ஆனால் அந்த ஹூக் யார், எந்த ஊர்க்காரர், என்ன பாடுபட்டார் என்று யாரும் கேட்பதில்லை. நியூட்டனின் படம் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நமக்குப் பழக்கம். ஹூக்குக்கு மட்டும் படமே கிடையாது. ஏன் இல்லை என்பதே ஒரு பெரிய கதை.

இவரைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்க வீட்டுல படிக்கன்னு காலேஜ் வாசப்படி ஏறினது நான்தான் முதல் ஆள். லீவு நாட்களில் ஒரு டூ வீலர் ஒர்க்‌ஷாப்பில் கைவேலை பழகுகிறேன். கியர் லிவர் வலது பக்கம் இருக்கிற பழைய நாலு கியர் புல்லட்கள் அங்கே நிறைய வரும். அந்தக் கியர்பாக்ஸ் மூடியைக் கழற்றினால், பல்சக்கரங்களுக்கு முன்னால் நம்மைப் பார்த்து நிற்பது சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள்தான். அவற்றில் ஒன்று போனாலும் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். அந்த ஸ்பிரிங் ஏன் போனது, எதை மாற்ற வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அதனால் அவர் கதையோடு கொஞ்சம் கியர்பாக்ஸ் கிரீஸும் இந்தப் பக்கங்களில் ஒட்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் தெற்குக் கரையை ஒட்டி வைட் தீவு என்று ஒரு தீவு. அங்கே ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் 1635 ஜூலை 18 அன்று ராபர்ட் ஹூக் பிறந்தார். அப்பா ஜான் ஹூக் அந்த ஊர் சர்ச்சில் துணைக் குரு. பையன் பிறவியிலேயே நோஞ்சான். பிழைப்பானா என்றே வீட்டில் சந்தேகம். படிக்க உட்கார்ந்தால் தலைவலி வந்துவிடும். அப்பாவும் சலித்துப்போய் அவன் போக்கில் விட்டுவிட்டார். அப்படி விட்டதுதான் நல்லதாகப் போயிற்று! யாரோ ஒரு பித்தளைக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி மரத்தில் ஒன்று செய்து ஓடவும் வைத்துவிட்டான் பையன். பாய்மரம், கயிறு எல்லாம் வைத்து ஒரு குட்டிக் கப்பல் செய்து, அதில் வெடிக்கிற குட்டிப் பீரங்கிகளையும் பொருத்தினான்.

1648-ல் அப்பா இறந்துபோனார். ஹூக்குக்கு அப்போது வயது 13. பங்காக வந்தது சுமார் 40 பவுன். அதை வைத்துக்கொண்டு லண்டனுக்கு வந்தவர், முதலில் பீட்டர் லெலி என்ற பெரிய ஓவியரிடம் தொழில் பழகப் போனார். பெயின்ட் வாடை தலைவலியைக் கிளப்பிவிட்டது. அங்கிருந்து விலகி வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். தலைமையாசிரியர் ரிச்சர்ட் பஸ்பி பிரம்புக்குப் பேர் போனவர். ஆனால் இந்தப் பையனை மட்டும் தம் வீட்டிலேயே தங்க வைத்துப் படிக்க வைத்தார். யூக்ளிட் ஜியாமெட்ரியின் முதல் ஆறு புத்தகங்களை ஹூக் ஒரே வாரத்தில் முடித்ததாகச் சொல்வார்கள்.

இங்கே நம் லேத் ஷாப் நண்பர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 16 வயது வரை ஹூக்கின் முதுகு நேராகத்தான் இருந்ததாம். அதன்பிறகு கூன் விழ ஆரம்பித்து, சாகும்வரை நிமிரவில்லை. லேத்தின் மேல் குனிந்து குனிந்து கடைசல் வேலை செய்ததால்தான் இப்படி ஆனது என்று அவரே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா தெரியாது. ஒருவேளை உடம்பிலேயே குறை இருந்திருக்கலாம். இருந்தாலும் ஷாப்பில் நிமிர்ந்து நில்லுடா என்று சார் சத்தம் போடும்போது எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

1653-ல் ஆக்ஸ்ஃபோர்டு போனார். பணக்கார மாணவர் ஒருவருக்கு ஏவல் வேலை செய்துகொண்டே படிக்கும் ஏற்பாடு அது. அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் வழி. ஒரு பக்கம் கூன், மறுபக்கம் எடுபிடி வேலை. அதே ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பாயில் இருந்தார், அவர் பெரிய பிரபுவின் மகன். காற்றைப் பற்றி ஆராய அவருக்கு ஒரு பம்ப் தேவைப்பட்டது. லண்டன் கைவினைஞர்கள் செய்து கொடுத்தது சரிப்படவில்லை. 1659 வாக்கில் அதை ஒழுங்காக வேலை செய்கிற மாதிரி வடிவமைத்துக் கட்டியவர் ஹூக்தான். அந்தப் பம்பை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து கிளம்பிய வேலைதான் கடைசியில் பாயில் விதியில் போய் முடிந்தது. புத்தகத்தில் பாயில் பெயர் இருக்கிறது. பம்ப் கட்டியவர் பெயர் அந்தப் பாடத்தில் இல்லை. பாயில் நல்ல மனிதர், ஹூக்கின் உதவியை மறைக்கவும் இல்லை. ஆனாலும் விதிக்குப் பெயர் வைக்கும்போது கை வேலை செய்தவரை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

லண்டனில் 1660-ல் ராயல் சொசைட்டி தொடங்கப்பட்டது. உறுப்பினர்களில் பிரபுக்களும் டாக்டர்களும் பாதிரிமார்களும் அதிகம். வாரா வாரம் கூடிப் பேசுவார்கள். பேச்சு மட்டும் போதாது, கண் முன்னால் சோதனை நடத்திக் காட்ட ஒருவர் வேண்டும் என்று 1662 நவம்பரில் ஹூக்கைச் சோதனைப் பொறுப்பாளராக நியமித்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று நான்கு புதிய சோதனைகள் தயாராக இருக்க வேண்டும். நமக்கு ஒரு செமஸ்டருக்குப் பத்துப் பன்னிரண்டு சோதனை இருந்தாலே மூச்சு முட்டுகிறது! இத்தனைக்கும் ஆரம்பத்தில் சம்பளம் கிடையாது. சங்கத்தில் பணம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு சர் ஜான் கட்லர் என்ற வியாபாரி, சொற்பொழிவு நடத்த வருஷம் 50 பவுன் தருவதாக வாக்களித்தார். கொடுத்தாரா? இழுத்தடித்தார். ஹூக் கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பு அவர் பக்கம் வந்தது 1696-ல், அதுவும் அவருடைய பிறந்த நாளான ஜூலை 18 அன்று. அதற்குள் கட்லரே செத்துப்போயிருந்தார்.

1665-ல் கிரஷாம் கல்லூரியில் ஜியாமெட்ரி பேராசிரியரானார். அங்கேயே தங்க இடமும் கிடைத்தது. கடைசி மூச்சு வரை அந்த அறைகள்தான் அவர் வீடு, ஒர்க்‌ஷாப் எல்லாம். அதே வருஷம் மைக்ரோகிராஃபியா என்ற புத்தகம் வெளிவந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை அவரே வரைந்த படங்கள். தெள்ளுப்பூச்சி ஒன்று, மடித்து விரிக்கிற பெரிய தாளில் பூனைக்குட்டி அளவுக்கு இருக்கும். தக்கையின் சின்னச் சின்ன அறைகளுக்கு அவர் வைத்த செல் என்ற பெயரைத்தான் இன்றைக்கும் பயாலஜிக்காரர்கள் சொல்கிறார்கள். ஓவியரிடம் பழகிய அந்தக் கொஞ்ச நாள் வீண் போகவில்லை.

1666 செப்டம்பரில் லண்டன் மாநகரம் தீப்பிடித்து எரிந்தது. ஏறத்தாழ 13,200 வீடுகள் சாம்பல். ஊரைத் திரும்பக் கட்ட, யாருடைய மனை எது என்று அளந்து முளையடிக்க வேண்டும். அந்த சர்வே வேலையில் பெரும்பங்கு ஹூக்குடையது. பகலெல்லாம் தெருவில் சங்கிலி பிடித்து அளவு, மாலையில் சங்கத்தில் சோதனை, இரவு இரண்டு மூன்று மணி வரை படிப்பு. நண்பர் கிறிஸ்டோபர் ரென்னோடு சேர்ந்து அவர் எழுப்பிய 202 அடி நினைவுத் தூண் இன்றைக்கும் லண்டனில் நிற்கிறது. சிவில் பிரிவு நண்பர்கள் இவரைத் தங்கள் ஆள் என்று சொந்தம் கொண்டாடினால் நாம் மறுக்க முடியாது.

ஆனால் நமக்கு வேண்டியது ஸ்பிரிங். அதற்கு வருவோம்.

அந்தக் காலத்துப் பைக்கடிகாரங்கள் நாளுக்குக் கால் மணி, அரை மணி என்று தப்பாக ஓடும். கப்பலில் போகிறவர்களுக்குச் சரியான நேரம் தெரியாவிட்டால் கடலில் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. சமநிலைச் சக்கரத்தோடு ஒரு ஸ்பிரிங்கைச் சேர்த்தால் கடிகாரம் ஒழுங்காக ஓடும் என்று ஹூக் இளம் வயதிலேயே கண்டுகொண்டார். பாயில் உட்பட சில பெரிய மனிதர்கள் பணம் போட்டு காப்புரிமை வாங்கித் தர முன்வந்தார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. பின்னால் வேறு யாராவது அதை மேம்படுத்தினால் லாபம் அவர்களுக்குப் போகும் என்று. ஹூக் முடியாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். முழு விவரத்தையும் வெளியிடவில்லை. 1675-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஹைகன்ஸ், சுருள் ஸ்பிரிங் வைத்த கடிகாரத்தை பாரிஸில் செய்துகாட்டினார். ஹூக் கொதித்துப்போனார். தாமஸ் டாம்பியன் என்ற கடிகாரத் தொழிலாளியைப் பிடித்து, ராத்திரி பகலாக உட்கார்ந்து, அரசருக்கு ஒரு கடிகாரம் செய்து கொடுத்து, நான்தான் முதலில் என்று வாதாடினார். யார் முதலில் என்ற பஞ்சாயத்து இன்றும் முழுசாகத் தீரவில்லை. என் அபிப்பிராயம், அந்த ஷரத்து அநியாயம்தான். ஆனால் பதினைந்து வருஷம் பூட்டி வைத்ததும் புத்திசாலித்தனம் இல்லை.

அதே பழக்கம் மறுபடியும் தலைகாட்டியது. ஸ்பிரிங்கின் விதியை 1676-ல் வெளியிட்டார், எப்படி? ஒரு புத்தகத்தின் கடைசியில் 14 லத்தீன் எழுத்துகளை அகர வரிசையில் கலைத்துப் போட்டு ஒரு விடுகதையாக! வேறு யாரும் திருடிவிடக் கூடாது, ஆனால் முதலில் கண்டது நான்தான் என்று பின்னால் நிரூபிக்கவும் வேண்டும். அந்தக் காலத்தில் மற்ற விஞ்ஞானிகளும் இப்படிச் செய்ததுண்டு. 1678-ல் ஸ்பிரிங்கைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டு விடையை அவிழ்த்தார். எவ்வளவு இழுக்கிறாயோ அவ்வளவு விசை, இதுதான் அதன் சாரம். பதினெட்டு வருஷம் முன்பே கண்டுபிடித்துவிட்டதாகவும் அதில் சொல்லிக்கொண்டார்.

அந்தப் புத்தகத்தில் அவர் சொல்லும் சோதனைகள் நம் லேபில் செய்யக்கூடியவைதான். 20, 30, 40 அடி நீளக் கம்பியை மேலே ஆணியில் கட்டி, கீழே தராசுத் தட்டைத் தொங்கவிட்டு, எடையைக் கூட்டிக் கூட்டி நீட்சியை அளந்தார். கம்பிச் சுருளில் செய்தார். கடிகார ஸ்பிரிங்கில் செய்தார். காய்ந்த மரத்துண்டை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டும் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே கதை. எடை இரட்டித்தால் நீட்சி இரட்டிப்பு. எடையை எடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். இந்தக் கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம்.

இப்போது கியர்பாக்ஸுக்கு வாங்க. ஆதியில் மோட்டார் சைக்கிளில் கியரைக் கையால் மாற்றினார்கள். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் ஒரு நீளமான கம்பு இருக்கும். 1928-ல் இங்கிலாந்தின் வெலோசெட் கம்பெனியில் ஹரால்ட் வில்லிஸ் என்பவர் ஒரு கால் லிவர் அமைப்பைச் செய்தார். ஒரு மிதிக்கு ஒரு கியர்தான் மாறும். காலை எடுத்ததும் லிவர் நடுவுக்குத் திரும்பி அடுத்த மிதிக்குத் தயாராக நிற்கும். திரும்ப வைப்பது யார்? ஸ்பிரிங்! பிறகு வந்த வண்டிகள் பெரும்பாலும் இந்த வழியையே பிடித்துக்கொண்டன. நம்ம திருவொற்றியூரில் உருவான புல்லட்டின் நாலு கியர் பெட்டி, ஆங்கிலேயரின் ஆல்பியன் வகையைச் சேர்ந்தது. அதுவும் இதே தத்துவம்தான்.

அந்த அமைப்பில் ஸ்பிரிங்குகளுக்கு நாலு விதமான வேலை. கால் லிவரை நடுவுக்குக் கொண்டுவருவது ஒன்று. ராட்செட் பல்லில் பாலை அழுத்திப் பிடிப்பது இன்னொன்று (பால் என்றதும் டீக்கடை ஞாபகம் வரக்கூடாது, இது பல்லில் மாட்டுகிற நாக்கு). மாட்டின கியர் தானாக விலகாமல் ப்ளஞ்சரைப் பள்ளத்தில் அமுக்கி வைப்பது மூன்றாவது. கிக்கரை மேலே தூக்கி நிறுத்துவது நாலாவது.

வண்டி வந்ததும் ஸ்பேனரை எடுக்கக் கூடாது என்பார் எங்க மேஸ்திரி அண்ணன். முதலில் கால் சொல்வதைக் கேட்க வேண்டும். ஒரு கியர் விழுகிறது, அதன்பிறகு லிவர் தொங்கிக்கொண்டே நிற்கிறது, காலால் தூக்கி நடுவில் வைத்தால் அடுத்த கியர் விழுகிறது என்றால் திரும்பும் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. சந்தேகமே வேண்டாம். லிவர் ஒழுங்காகத் திரும்புகிறது, ஆனால் மிதித்தால் வெறுமனே போய் வருகிறது, உள்ளே எதுவும் நகரவில்லை என்றால் பால் பல்லில் உட்காரவில்லை. அதன் ஸ்பிரிங் போயிருக்கலாம், அல்லது பழைய கிரீஸ் கெட்டியாகி நாக்கை ஒட்டவைத்திருக்கலாம். கிரீஸ்தான் காரணம் என்றால் மண்ணெண்ணெயில் கழுவினாலே சரியாகிவிடும்.

மேல் பக்கம் கியர் சுத்தமாக விழுகிறது, கீழ்ப் பக்கம் மட்டும் பாதியில் நின்று பொய் நியூட்ரல் வருகிறது என்றால் அவசரப்பட்டு ஸ்பிரிங்கைக் குறை சொல்லக் கூடாது. லிவர் எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுக்கிற தகடு ஒன்று உண்டு. அதன் போல்ட் தளர்ந்து தகடு ஒரு பக்கம் நகர்ந்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். ஒரு பக்கம் தூரம் கூடும், மறுபக்கம் குறையும். தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இரண்டு பக்கமும் சமமாக வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் திறக்க வேண்டும். கிளட்ச் முழுதாக விடாமல் இழுத்தாலும் கியர் விழ அடம்பிடிக்கும். அதையும் முதலில் பார்த்துவிட வேண்டும். ஓடும்போது கியர் தானாக எகிறினால், எல்லாக் கியரிலும் எகிறுகிறதா, ஒன்றில் மட்டுமா என்று கேளுங்கள். எல்லாவற்றிலும் என்றால் ப்ளஞ்சர் ஸ்பிரிங் மேல் சந்தேகம். ஒரே கியரில் என்றால் அந்தக் கியரின் கொக்கிப் பற்கள் முனை மழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஸ்பிரிங் மாற்றிப் பிரயோஜனமில்லை.

சரி, ஸ்பிரிங் உடைந்தே விட்டது. எந்த இடத்தில் என்று பாருங்கள். பெரும்பாலும் சுருளின் நடுவில் உடையாது. கொக்கி வளையும் மூலையில், வளைவின் உள்பக்கத்தில்தான் உடையும். ஹூக் சொன்ன எல்லைக்குள் இயங்குகிற ஸ்பிரிங் ஏன் உடைய வேண்டும்? இதற்கு அவரிடம் பதில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வோலர் என்பவர் ரயில் அச்சுகளை வருஷக்கணக்கில் சுழற்றிச் சோதித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒரு தடவை தாங்குகிற சுமையைப் பல லட்சம் தடவை ஏற்றி இறக்கினால் உலோகம் களைத்துப்போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 200 தடவை கியர் மாற்றினால் வருஷத்துக்கு 73,000. பத்து வருஷத்தில் 7 லட்சத்து 30 ஆயிரம். முப்பது நாற்பது வருஷம் ஓடிய வண்டியில் ஸ்பிரிங் உடைந்தால் அதைச் செய்தவரைத் திட்டக் கூடாது, சலாம் போட வேண்டும். உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தால், வெடிப்பு மெல்ல மெல்லப் பரவிய பகுதி வழவழவென்றும், கடைசியில் ஒரே அடியாக முறிந்த பகுதி சொரசொரப்பாகவும் இருக்கும்.

உடைந்த துண்டுகளை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது கட்டாயம். நீளம் குறைந்தால் ஒரு துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அது பல்சக்கரத்துக்கு நடுவே போனால் ஸ்பிரிங் செலவோடு முடியாது. கிரீஸை முழுக்க வழித்து, காந்தம் விட்டுத் துழாவி எடுத்தபிறகுதான் மூட வேண்டும்.

அடுத்தது, ஸ்பிரிங் உடையவில்லை, தொய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிலர் அதை இழுத்து நீளமாக்கி மாட்டிவிடுவார்கள். ரெண்டு வாரம் நல்லா இருக்கும், அப்புறம் பழைய கதைதான். மீள் எல்லையைத் தாண்டி ஒரு தடவை இழுத்த கம்பியில் நிரந்தர மாற்றம் வந்துவிட்டது, அதை நம்ப முடியாது. சிலர் கேஸ் வெல்டிங்கில் உடைந்த கொக்கியை ஒட்டுவார்கள், அல்லது தீயில் காட்டி வளைப்பார்கள். சூட்டில் டெம்பர் போய்விடும். அப்புறம் அது ஸ்பிரிங் இல்லை, வெறும் கம்பி. சுருளைக் குறைத்து வெட்டினாலும் கணக்கு மாறும். பத்துச் சுற்றில் இரண்டை வெட்டினால் மீதி ஸ்பிரிங் 25 சதவீதம் விறைப்பாகிவிடும்.

கம்பியின் தடிமன் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 1.8 மி.மீ. கம்பியில் செய்த ஸ்பிரிங் வந்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் விசையில் மூன்றில் ஒரு பங்கு காலி! அதனால் கடையில் வாங்கிய புது ஸ்பிரிங்கை அப்படியே மாட்டாமல் மைக்ரோமீட்டர் வைத்து அளப்பது நல்லது. அதற்குமேல் ஒரு சோதனையும் உண்டு. இழுக்கிற வகை ஸ்பிரிங்காக இருந்தால் ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையில் ஸ்பிரிங் பேலன்ஸை மாட்டி, 5 மி.மீ., 10 மி.மீ., 15 மி.மீ. என்று இழுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடுதல் ஒரே சீராக இருக்க வேண்டும். விட்டதும் பழைய நீளத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆணி, கம்பி, தராசுத் தட்டு வைத்து ஹூக் செய்தது இதையேதான். ரெக்கார்டு நோட்டில் வரைகிற அந்த நேர்கோட்டுக்கு ஒர்க்‌ஷாப்பில் இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

இதோடு கியர்பாக்ஸுக்கும் ஹூக்குக்கும் உறவு முடியவில்லை. பல்சக்கரத்தை மெல்லிய தட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி அடுக்கினால் பற்கள் இடியில்லாமல் மாட்டும் என்று அவர் காட்டினார். இன்றைய ஹெலிகல் கியருக்கு அது முன்னோடி. ஜீப்புக்கு அடியில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கிற யுனிவர்சல் ஜாயின்ட்டை நம் புத்தகங்கள் ஹூக் ஜாயின்ட் என்றே சொல்கின்றன.

இவ்வளவும் செய்தவருக்குப் பெயர் ஏன் தங்கவில்லை? காரணம் நியூட்டன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. 1679 கடைசியில் ஹூக் நியூட்டனுக்குக் கடிதம் எழுதினார். கோள்களின் பாதை பற்றிய விவாதம் அது. ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறையும் என்ற யோசனை ஹூக்கின் கடிதத்தில் இருந்தது. நியூட்டனின் மாபெரும் புத்தகம் 1686-ல் சங்கத்துக்கு வந்தபோது, அந்த யோசனை என்னுடையது என்றார் ஹூக். நியூட்டனுக்கு வந்ததே கோபம்! யோசனை சொல்வது வேறு, கணக்குப் போட்டு நிரூபிப்பது வேறு என்பது அவர் கட்சி. இதில் நியூட்டன் பக்கம் நியாயம் அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஹூக்கால் அந்தக் கணக்கைப் போட முடியவில்லை. ஆனால் தூண்டிவிட்டதற்காவது தாராளமாக நன்றி சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒளியைப் பற்றிய தன் புத்தகத்தை ஹூக் இறந்த பிறகு 1704-ல்தான் நியூட்டன் வெளியிட்டார். அவ்வளவு கசப்பு.

ஹூக்கிடமும் குறை உண்டு. யார் எதைக் கண்டுபிடித்தாலும் அது எனக்கு முன்னமே தெரியும் என்பார். பல சமயம் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் வாரம் நாலு புது வேலை என்று ஓடிய மனிதரால் ஒன்றையும் கடைசிவரை முடிக்க முடியவில்லை. முடிக்க நேரம் இருந்தவர்கள் சம்பாத்தியக் கவலை இல்லாத பிரபுக்கள். அவர் பேச்சில் இருந்த கசப்பை மட்டும் பார்த்து எழுதியவர்கள் இதையும் சேர்த்து எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசிக் காலம் பரிதாபமானது. கண் பார்வை மங்கியது, கால் வீங்கியது, படுத்த படுக்கையானார். 1703 மார்ச் 3 அன்று கிரஷாம் கல்லூரி அறையில் உயிர் பிரிந்தது. கஞ்சன் மாதிரி வாழ்ந்தவர் அறையில் ஒரு இரும்புப் பெட்டி. திறந்து பார்த்தால் 8,000 பவுனுக்கும் மேல்! லண்டன் சர்வே வேலையில் சம்பாதித்தது. ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டிடம், லேப், நூலகம் எல்லாம் செய்து தர வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர் உயில் எழுதிக் கையெழுத்துப் போடாமலே போய்விட்டார். அந்த வருஷக் கடைசியில் நியூட்டன் சங்கத்தின் தலைவரானார்.

ஹூக்கின் ஓவியம் சங்கத்தில் இருந்ததாக 1710-ல் வந்துபோன ஒரு ஜெர்மன் பயணி எழுதி வைத்திருக்கிறார். அதே வருஷம் சங்கம் வேறு கட்டிடத்துக்குக் குடிபோனது. அதன்பிறகு அந்தப் படத்தைக் காணோம். நியூட்டன்தான் வேண்டுமென்றே தொலைத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வீடு மாற்றும்போது சாமான் தொலைவது நம் வீடுகளிலும் நடப்பதுதான். அவரைப் புதைத்த செயின்ட் ஹெலன்ஸ் சர்ச்சில் இன்று அவர் கல்லறை எது என்று காட்ட முடியாது. அங்கே அவர் நினைவாக இருந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலும் 1993-ல் நடந்த குண்டுவெடிப்பில் உடைந்துபோனது.

2006-ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டு அலமாரியிலிருந்து பழைய காகிதக் கட்டு ஒன்று வெளியே வந்தது. 500 பக்கத்துக்கும் மேல். ராயல் சொசைட்டிக் கூட்டங்களின் குறிப்புகள், எல்லாம் ஹூக்கின் கையெழுத்து. ஏலத்துக்குப் போக இருந்ததைக் கடைசி நேரத்தில் பேசி, நன்கொடை திரட்டி, ஏறத்தாழ 10 லட்சம் பவுன் கொடுத்து ராயல் சொசைட்டியே வாங்கிக்கொண்டது. சம்பளம் இல்லாமல் வேலைக்கு வைத்துக்கொண்ட அதே சங்கம்தான்.